அடங்காத நாடி

தீயணைப்பு வேலைக்கான ஓட்டம், கயிறு, ஏணி எல்லாவற்றிலும் தேறிவிட்டேன். பெட்டி மேல் ஏறி இறங்கும் பரீட்சைதான் பாக்கி. ஏறி இறங்கிவிட்டு உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் நாடி அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வேலை கிடையாது.

"வலுவான இதயம் ஒரு துடிப்புலயே நிறைய ரத்தம் தள்ளிடும். அதனால சீக்கிரம் அடங்கிடும்," என்று பரீட்சை வைக்கும் டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். மாடி மாடியாக பீரோ தூக்கிப் பிழைக்கிறவள் நான். இதெல்லாம் எனக்கு ஜுஜுபி!

ஏறி இறங்கி உட்கார்ந்தேன். நாடி பார்க்க வந்தான் பாருங்கள், புது ஆண் நர்ஸ். ஓட்டத்தன்று எனக்குத் தண்ணீர் நீட்டியவன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தான்.

"இன்னும் அடங்கலைங்க. நூத்தி இருபது."

"நல்லா எண்ணுங்க!"

எண்ணினான். இன்னும் ஏறியிருந்ததாம். 'அடி பைத்தியமே, மயங்குற நேரமா இது?' என்று என் நெஞ்சைத் திட்டித் தீர்த்தேன். அதற்குள் டாக்டரம்மா பேனாவோடு வந்துவிட்டார்.

"டாக்டர், எழுதிடாதீங்க! என் இதயம் நல்லாத்தான் இருக்கு. இவர் கையைப் பிடிச்சாத்தான் இப்படி!"

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவன் கையைக் குனிந்து பார்த்தார்.

"தம்பி, எந்த விரலால பாக்குறே?"

"கட்டைவிரல்ங்க… பதட்டத்துல…"

"அடப்பாவி! கட்டைவிரல்லயே ஒரு நாடி ஓடுதே. உன் துடிப்பையே நீ எண்ணிக்கிட்டு இருந்திருக்கே!"

டாக்டரம்மாவே மூன்று விரல் வைத்து எண்ணினார். "எழுபது. எப்பவோ அடங்கியாச்சு. நீ தேறிட்டே, போம்மா."

துள்ளிக் குதித்தேன். மறுபடி பெட்டி மேலேயே ஏறி நின்று குதித்தேன். அப்புறம்தான் உறைத்தது. என் நெஞ்சு சமர்த்தாகத் தன் வேலையைப் பார்த்திருக்கிறது; நான்தான் ஊரறிய உளறியிருக்கிறேன். சரி, அப்போது அந்த நூற்று இருபது?

திரும்பிப் பார்த்தேன். அவன் கட்டைவிரலைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றான். காதெல்லாம் சிவந்திருந்தது.

"நாளைக்குக் காலையில என்கூட ஓட வாங்க," என்றேன். "இதயம் வலுவாயிடும்."

"அப்போ அடங்கிடுமாங்க?"

"அதுக்கு நான் பொறுப்பில்லப்பா!"