வைக்கோல் பரணில் ஒரு வளையம்

மே மாதம் தொடங்கியதிலிருந்து டார்சி ஓபர்மெயர் நாள் தவறாமல் சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஆனால் போதும், அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே போர்வையைப் பிடுங்கி எழுப்ப வேண்டிய பெண்ணுக்கு இப்படி ஒரு பக்தி எங்கிருந்து வந்தது என்று அவள் அப்பா வெர்னுக்குப் பிடிபடவில்லை. வான்கோழிக் கொட்டகையில் தீவனம் சரிபார்க்கும்போதெல்லாம் அதைப் பற்றியே யோசித்தார். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டேவிட்டார்.

"பாப்பா, நீ காலேஜுக்குத்தான போற? கன்னியாஸ்திரி மடத்துக்கு இல்லையே?"

டார்சி வாயிலிருந்த உருளைக்கிழங்கை மென்று விழுங்கினாள். ஆறடி உயரத்தில் வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வரும் பெண்ணைப் பாப்பா என்று கூப்பிட இண்டியானா மாநிலம் முழுக்க அவர் ஒருவருக்குத்தான் துணிச்சல் உண்டு.

"ஹால்ல அலங்கார வேலை இருக்குப்பா."

"எதுக்கு அலங்காரம்?"

"சர்ச் பிக்னிக் வருதில்ல" என்று இடையில் புகுந்தாள் அம்மா ஜோலீன்.

"பிக்னிக் ஆகஸ்டுலதான வருது?"

"அதுக்குத்தான் இப்பவே ஆரம்பிச்சிருக்கோம். ஆறிப் போகுது, சாப்பிடு."

வெர்ன் சாப்பிட்டார். மனைவி சொன்னதைச் சந்தேகப்படும் வழக்கம் அவருக்குக் கிடையாது. டார்சியால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்பாவிடம் பொய் சொல்வது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை.

உண்மை என்னவென்றால் தாயும் மகளும் சர்ச்சுக்குத்தான் போனார்கள், ஆனால் உள்ளே போகவில்லை. பின்னால் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஒரு கூடைப்பந்து வளையம் இருந்தது. அதற்கு முன்னால் ஜோலீன், மரச்சாமான் தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றாமல், நீளக் கைப்பிடி போட்ட துடைப்பத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். துடைப்பத்துக்கு மேலே எழும்பிப் போய் வளையத்தில் விழுகிற மாதிரி டார்சி பந்தைப் போட வேண்டும். முதல் வாரம் முழுக்கப் பந்து துடைப்பத்திலேயே பட்டது. இரண்டு தடவை ஜோலீனின் நெற்றியிலும் பட்டது.

"நான் தொடப்பத்த எடுத்தா அடி வாங்கறது நீயா இருக்கணும்டி" என்றாள் ஜோலீன், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே. "உலகத்துலயே தொடப்பத்தப் பிடிச்சிக்கிட்டு மககிட்ட அடி வாங்கற அம்மா நான் ஒருத்திதான்."

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் ஏப்ரலில் வந்துபோன கோச் ரெனே காலவே. மாநிலத்தின் வடகோடியில் உள்ள ஒரு கல்லூரியிலிருந்து வந்தவர். டார்சியை அந்தக் கல்லூரி அணிக்கு எடுத்துக்கொண்டு, படிப்புச் செலவு முழுவதையும் ஏற்பதாக முன்பே கையெழுத்தாகிவிட்டது. கோடை வகுப்புக்கு ஜூன் நடுவில் போய்ச் சேர வேண்டும். அதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், பள்ளி விளையாட்டரங்கில் அவள் பந்து போடுவதைக் கைகட்டி நின்று நெடுநேரம் பார்த்தார். வெர்ன் அன்று வான்கோழிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். வராமல் போனதே நல்லதாயிற்று.

"உன் ஓட்டத்துக்கும் மூளைக்கும்தான் உன்னை எடுத்தோம்" என்றார் காலவே. "இந்த ஷாட்ட வெச்சு ஸ்கூல்ல சமாளிச்சிட்ட. எங்க இடத்துல உன் எதிர்ல நிக்கறவ உன்னவிட உயரமா இருப்பா. பந்து இப்படித் தட்டையா வந்தா ஈ ஓட்டற மாதிரி ஓட்டிருவா."

"மாத்திக்கிறேன், கோச்."

"மாத்தித்தான் ஆகணும். இதோட வந்தின்னா முதல் வருஷம் பூரா பெஞ்ச தேச்சிட்டு இருப்ப. இன்னொண்ணு, பழைய மாதிரி ஒரு பந்துகூடப் போடாத. கை பழசத் தேடி ஓடிரும்." பிறகு சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஆமா, எங்கதான் கத்துக்கிட்ட? கூரை தலைல இடிக்கிற எடத்துலயா?"

 அந்த நொடியில்தான் டார்சிக்கே அது உறைத்தது.

அவள் கற்றுக்கொண்டது வைக்கோல் பரணில். வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய களஞ்சியத்தின் மாடி அது. அவளுக்கு ஒன்பது வயதில், பனிக்காலத்தில் வெளியே விளையாட முடியவில்லை என்று அழுதபோது, வெர்ன் அதைக் காலி செய்து, ஒட்டுப்பலகைகளை ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து ஏற்றித் தரை போட்டார். கட்டை விரலைச் சுத்தியலால் நசுக்கிக்கொண்டார். வளையம் மாட்டினார். நின்று பந்து போட ஒரு கோடு வரைந்தார். அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் அவள் போட, அவர் வளையத்துக்கு அடியில் நின்று எடுத்துக் கொடுத்தார். அந்தப் பரணுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: கூடையில் விழுந்தால் பந்து போட்டவருக்கே திரும்பும், தவறினால் எடுத்தவருக்குச் சொந்தம். ஆனால் கோட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே, தலைக்கு மேலே, கூரையைத் தாங்கும் குறுக்கு உத்திரம் ஒன்று ஓடியது. பந்து அதற்குக் கீழே நுழைந்துதான் போக வேண்டும். குழந்தைக் கை எதைத்தான் கற்றுக்கொள்ளாது? உத்திரத்தில் படாமல் தட்டையாகப் போடக் கற்றுக்கொண்டது.

வெர்ன் அதிகம் பேசாத ஆள். வாழ்க்கையில் அவர் பெருமையடித்துக்கொண்ட ஒரே விஷயம் அந்தப் பரண். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் வந்து, வீராங்கனையை உருவாக்கிய இடம் என்று போட்டு, அவரை அந்த உத்திரத்துக்கு அடியிலேயே நிற்கவைத்துப் படம் எடுத்திருந்தார். அந்தப் படத்தைத் தீவனக்கடைக்காரர் கடையில் ஒட்டிவைத்திருக்கிறார். அப்படிப்பட்ட மனிதரிடம் போய், உன் பரண்தான் என் ஷாட்டைக் கெடுத்தது என்று எந்த மகளால் சொல்ல முடியும்? டார்சியால் முடியவில்லை. அப்பாவுக்குத் தெரியாமலே மாற்றிக்கொண்டு, தெரியாமலே கிளம்பிப் போய்விடுவது என்று முடிவு செய்தாள்.

பரணுக்கு ஏன் வருவதில்லை என்று அவர் கேட்டபோது, கோச் ஓய்வு எடுக்கச் சொன்னதாகச் சொன்னாள். அதையும் நம்பினார். நம்பியதோடு விட்டாரா? அவள் சர்ச்சுக்குப் போகும் நேரமெல்லாம் ரகசியமாகப் பரணில் ஏறி, தரையைத் தேய்த்து வார்னிஷ் அடிக்க ஆரம்பித்தார். டார்சி வீடு திரும்பும்போது அவர் சட்டையில் அந்த வாசனை அடிக்கும். இருவரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஜூன் முதல் சனிக்கிழமை அவள் பள்ளி முடித்ததற்கான விருந்து. ஊர் வழக்கப்படி யார் வேண்டுமானாலும் வரலாம், வந்தார்கள். புல்வெளி முழுக்க வண்டிகள். களஞ்சியத்தின் கீழ்த்தளத்தைக் கழுவிவிட்டு மேசை போட்டிருந்தார்கள். பன்றி இறைச்சி பிய்த்து வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், பெரிய டப்பாவில் எலுமிச்சைச் சாறு, டார்சி பல்லில்லாமல் சிரிக்கும் படங்கள் ஒட்டிய பலகை. வெர்னின் தம்பி லெஸ்டர் மூன்றாவது தட்டை நிரப்பிக்கொண்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நக்கல் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாரும் சாப்பிட்டு முடித்த நேரம், வெர்ன் பரணுக்குப் போகும் படிக்கட்டில் ஏறி நின்று தொண்டையைச் செருமினார். அவர் நாலு பேர் முன்னால் பேசி யாரும் பார்த்ததில்லை.

"எல்லாரும் கொஞ்சம் மேல வாங்க" என்றார். "டார்சி ஒரு பந்து போடுவா."

டார்சி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

மேலே தரை கண்ணாடியாக மின்னியது. கோடு புதிதாக வரையப்பட்டிருந்தது. வளையத்தில் வெள்ளை வெளேரென்று புது வலை. ஊரே சுவரோரமாக நின்றுகொண்டது. வெர்ன் வளையத்துக்கு அடியில், தன் வழக்கமான இடத்தில் போய் நின்று பந்தை அவளுக்கு எறிந்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை டார்சியால் தாங்க முடியவில்லை.

ஒரே ஒரு பந்து என்று நினைத்துக்கொண்டாள். கோச் என்ன சொன்னாலும் சொல்லட்டும், அப்பாவுக்காகப் பழைய மாதிரி ஒரே ஒரு தடவை. முழங்காலை மடக்கினாள், போட்டாள்.

பந்து நேராக மேலே எழும்பி உத்திரத்தில் மோதியது. தடால் என்ற சத்தம். பல வருடத் தூசி மொத்தமும் சனங்கள் தலையில் இறங்கியது.

சிரித்தார்கள். டார்சியும் சிரிக்கப் பார்த்தாள். வெர்ன் பந்தை எடுத்து, "இன்னொண்ணு போடு பாப்பா" என்று திருப்பி எறிந்தார். இந்தத் தடவை அவள் மிகவும் யோசித்து, முழங்கையைத் தாழ்த்தி, தட்டையாகத்தான் போடப் போனாள். கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. மறுபடியும் தடால்.

"இதுக்குத்தான் காலேஜ்ல காசு குடுத்துக் கூப்பிடறாங்களா?" என்றார் லெஸ்டர். "அண்ணே, நானும் போடுவேன் இந்த மாதிரி. என்னையும் சேத்து விடு."

"கேக் வெட்டணும், எல்லாரும் கீழ எறங்குங்க" என்று ஜோலீன் படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள். "லெஸ்டர், முதல்ல நீ. உன் வாய அடைக்கத்தான் கேக்கே வாங்கினேன்."

கூட்டம் இறங்கியது. வெர்ன் மட்டும் அசையவில்லை. அண்ணாந்து உத்திரத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு மகளைப் பார்த்தார். டார்சி படியிறங்கிப் போய்விட்டாள். தனக்கு அழுகை வருவதை யாரும் பார்க்கக்கூடாது என்பதுதான் அப்போது அவள் கவலை.

கடைசி வண்டியும் கிளம்பிப் போனபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. வெர்னைக் கீழே காணவில்லை. டார்சி பரணில் ஏறினாள். அவர் ஏணி போட்டு, உத்திரத்துக்குப் பக்கத்தில் தலையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கையில் ரம்பம்.

"என்னப்பா பண்ற?"

"வெட்டலாமான்னு பாக்கறேன்."

"வெட்டினா கூரை எறங்கிரும்."

"தெரியும். அதான் பாத்துக்கிட்டு மட்டும் இருக்கேன்."

அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். 

"எப்பலேர்ந்து இப்படிப் போடற?" என்றார்.

"மே மாசத்துலேர்ந்து. ஏப்ரல்ல வந்தப்ப கோச்தான் மாத்தச் சொன்னாங்க."

"அப்ப சர்ச்சு?"

"பார்க்கிங்ல போட்டுப் பழகினேன். அம்மா தொடப்பத்தத் தூக்கிப் பிடிப்பாங்க."

"அவளும் கூட்டா" என்றார் வெர்ன். "பிக்னிக்குக்கு அலங்காரம்னு என்ன கூசாம சொன்னா." ரம்பத்தை ஏணிப் படியில் மாட்டிவிட்டு இறங்கி வந்தார். "ஏன் பாப்பா என்கிட்ட சொல்லல?"

"நீ வருத்தப்படுவ."

"வருத்தமாத்தான் இருக்கு" என்று ஒத்துக்கொண்டார். கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். "இந்த உத்திரம் அன்னிக்கும் இங்கதான் இருந்துச்சு. எனக்குத் தெரியாம இல்ல. வளையத்த மாட்டிட்டு ஏணி மேலேர்ந்து திரும்பிப் பாத்தேன். நீ இந்த எடத்துல நின்னுக்கிட்டு இருந்த. பந்து உன் தலையவிடப் பெருசா இருந்துச்சு. இவளுக்கு இந்த உயரம் ஆயுசுக்கும் போதும்னு நெனச்சிட்டேன்."

டார்சி அழுதாள். மாலையெல்லாம் அடக்கிவைத்தது மொத்தமும் வந்தது.

"போதுமாத்தாம்ப்பா இருந்துச்சு" என்றாள். "இது இல்லைன்னா நான் வெளையாடியே இருக்க மாட்டேன்."

 வெர்ன் குனிந்து பந்தை எடுத்தார். ஆனால் வளையத்துக்கு அடியில் போகவில்லை. கோட்டில் நின்று அவரே போட்டார். பந்து தட்டையாகப் பறந்து, உத்திரத்துக்குக் கீழே நுழைந்து, வலையில் விழுந்தது. டார்சி வாயைப் பிளந்தாள். சட்டப்படி தனக்குச் சொந்தமான பந்தையும் அவளுக்கே கொடுத்துவிடுவார், இத்தனை வருடத்தில் அவர் போட்டு அவள் பார்த்ததே இல்லை. அவள் போட்ட அதே ஷாட், அச்சு அசல்.

பரணின் சட்டப்படி பந்து போட்டவருக்குத் திரும்ப வேண்டும். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவருடைய இடத்தில் போய் நின்று, எடுத்துக் கொடுத்தாள். மறுபடியும் போட்டார், விழுந்தது. கொடுத்தாள். அடுத்ததும் விழுந்தது. அதற்கடுத்தது வளையத்தில் பட்டு வெளியே துள்ளி அவள் கையில் வந்து விழுந்தது. இனி பந்து அவளுடையது. அவள் உத்திரத்தைப் பார்த்தாள், போடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நீ போறதுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கில்ல?" என்றார் வெர்ன்.

"இருக்குப்பா."

"நாளைக்குச் சாயங்காலம் சர்ச்சுக்கு நானும் வரேன். அந்தத் தொடப்பத்த என்கிட்ட குடு. உங்கம்மா குள்ளம். நான் தூக்கிப் பிடிச்சா பந்து இன்னும் ஒரு முழம் மேல போகும்."