பொம்மசந்திராவில் இறங்குகிறவர்களுக்கு

"பெங்களூருக்குள்ள சில்க் போர்டு வரைக்கும் வந்துடாதீங்க தம்பி, அப்பறம் திரும்பி வர்றதுக்குள்ள பொழுது போயிடும். ஓசூர் தாண்டுனதுமே கண்டக்டர்கிட்ட சொல்லி வெச்சிடுங்க. பொம்மசந்திராவுல எறங்கணும். எறங்குனதும் ஆட்டோக்காரங்க சூழ்ந்துக்குவாங்க. யார் மூஞ்சியும் பாக்காம மெட்ரோ பாலத்துக்குக் கீழ வந்து நில்லுங்க. ஆஸ்பத்திரி வண்டி அங்கதான் வரும்."

ஆஸ்பத்திரி மருந்துக்கடை வரிசைக்கு வெளியே, தூணோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார் பாலகுமார். இடது கக்கத்தில் மனைவியின் ஃபைல். டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. பாலக்கோட்டிலிருந்து பரத் என்று ஒரு பையன், அம்மாவைக் கூட்டிக்கொண்டு நாளை வருகிறானாம். பாலகுமாரின் வாய் தானாகப் பேசத் தொடங்கிவிட்டது.

தர்மபுரியில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் அவர். பதினான்கு மாதங்களாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மனைவி சாந்தகுமாரியை இந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிறார். முதல் தடவை வழி தெரியாமல் மடிவாளா வரை போய், வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவளை நடுரோட்டில் உட்கார வைத்துக்கொண்டு அழுதார். அந்தக் கதி யாருக்கும் வரக்கூடாது என்று, அடுத்து வந்த அரூர்க்காரர் ஒருவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். அந்த மனிதர் இன்னொருவருக்கு நம்பரைக் கொடுத்தார். இப்போது சுற்றுப்பக்கத்தில் யாருக்கு இந்த வியாதி வந்தாலும் பாலகுமாருக்குத்தான் போன் வருகிறது.

"ஆறு மணிக்கு முன்னாடியே டோக்கன் எடுத்துடுங்க. உள்ள ஏசி ரொம்பக் குளிரும், அம்மாவுக்கு ஸ்வெட்டர் மறக்காதீங்க. முக்கியமான விஷயம் ஒண்ணு, டாக்டர பாத்துட்டு வெளிய வந்ததும் கவுன்டர்ல அடுத்த தேதிய எழுதி வாங்கிட்டுத்தான் நகரணும். போன்ல சொல்லுவாங்கன்னு நம்பி வந்துடாதீங்க. சொல்லவே மாட்டாங்க."

"சரிங்கண்ணா." பையன் தயங்கினான். "எங்கம்மா பெங்களூர் பாத்ததே இல்ல. நேரம் இருந்தா அங்க பாக்கறதுக்கு என்னண்ணா இருக்குது?"

பெங்களூரில் இந்த ஆஸ்பத்திரியைத் தவிர பாலகுமாரும் எதையும் பார்த்ததில்லை. "கேட்டுச் சொல்றேன் தம்பி" என்று வைத்துவிட்டார்.

சாந்தகுமாரி கடைசி வரிசை நாற்காலியில் சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். தலைக்குக் கட்டிய துணி நழுவியிருந்தது. டாக்டர் நல்ல மனிதர், சேலத்துக்காரர். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு, தமிழிலேயே மெதுவாகத்தான் சொன்னார். ஈரலுக்கும் பரவிவிட்டது, இனி மருந்து ஏற்றுவது அவளை வதைப்பதாகத்தான் இருக்கும். இவ்வளவு தூரம் அலைய வைக்க வேண்டாம், வலிக்கு மட்டும் ஊரிலேயே கொடுக்கச் சொல்லிக் கடிதம் தருகிறேன் என்றார். பாலகுமார் தலையைத் தலையை ஆட்டினார். எத்தனை நாள் என்று கேட்க வேண்டும் என்று நினைத்தார். கேட்கவில்லை.

"என்ன சொன்னாரு?"

"ரத்தம் கொறைவா இருக்குதாம். தேறட்டும், அப்பறம் பாக்கலாம்னாரு."

"அடுத்த தேதி?"

"போன்ல சொல்லுவாங்களாம்."

சாந்தகுமாரி அவர் முகத்தைப் பார்த்தாள். நழுவியிருந்த துணியை அவிழ்த்து, மடியில் வைத்து நீவி, மறுபடி கட்டிக்கொண்டாள். அதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

"ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் போன்ல சொல்ல மாட்டாங்கன்னு நீங்கதான சொல்லுவீங்க."

அவர் ஃபைலின் கயிற்றை முடிச்சுப் போட்டார். ஏற்கெனவே முடிச்சுப் போட்டிருந்த கயிறு.

"பஸ்ஸுக்கு எத்தன மணி?"

"அஞ்சுக்குப் போனாக்கூடப் போதும்."

"அப்ப அந்த மெட்ரோவுல ஒருவாட்டி போயிட்டு வந்துடலாமா? எத்தன வாட்டி அதுக்குக் கீழயே நின்னிருக்கோம்."

மெட்ரோ ஸ்டேஷனில் லிஃப்ட் எங்கே இருக்கிறது, டிக்கெட் எங்கே எடுப்பது, டோக்கனை எதன் மேல் வைத்தால் கதவு திறக்கும், எதுவுமே பாலகுமாருக்குத் தெரியவில்லை. காவலுக்கு நின்ற பெண் "ஆ கடே அம்மா, ஆ கடே" என்று அந்தப் பக்கமாகக் கைகாட்டினாள். வண்டியில் கூட்டம். ஆஸ்பத்திரிக்கென்று பழகிய கன்னடத்தில், "பேஷன்ட் இதாரே, ஸ்வல்ப ஜாகா கொடி" என்று இடம் கேட்டார். காதில் ஒயர் மாட்டியிருந்த பெண் சட்டென்று எழுந்து இடம் கொடுத்தாள். சாந்தகுமாரி உட்காரவில்லை.

"இன்னிக்கி பேஷன்ட்டுன்னு சொல்லாதீங்க" என்றாள்.

இரண்டு நிறுத்தம் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குமேல் முடியவில்லை. உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடிக் கட்டடங்கள் போயின. ஒரு ஏரி பச்சையாகப் போயிற்று. சில்க் போர்டில் கீழே வண்டிகள் அசையாமல் நின்றன. அவளை மடியில் சாய்த்துக்கொண்டு அவர் முதல் தடவை அழுதது அங்கே பக்கத்தில்தான். இருவரும் பார்த்தார்கள்.

ஆர்.வி. ரோட்டில் எல்லோரும் இறங்கினார்கள். வேறு வண்டி மாறினால் லால்பாக் பூங்காவுக்குப் போகலாம் என்று ஒருவர் சொன்னார். படிக்கட்டுப் பக்கம் பத்தடி நடந்ததுமே சாந்தகுமாரிக்கு மூச்சு வாங்கியது. பெஞ்சில் உட்கார வைத்தார்.

"லிஃப்ட்டு இருக்கும், நான் பாத்துட்டு வரட்டா?"

"வேணாம். போதும்."

கூட்டம் கலைந்து பிளாட்பாரம் காலியானது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். ஒரு வாய் குடித்தாள்.

"சௌம்யாகிட்ட நான் சொல்லிக்கறேன். பொண்ணுக்குப் பரீட்ச முடியட்டும். நீங்க வாயத் தொறக்காதீங்க."

"சாந்தா..."

"உங்களுக்குச் சொல்லத் தெரியாதுங்க."

ஊருக்கெல்லாம் வழி சொல்கிறவர் அவர். இனி வைத்தியம் உண்டா இல்லையா என்று அவள் நேராகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. அவள் கேட்கவில்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். வலி வந்திருக்க வேண்டும், கீழுதட்டைக் கடித்திருந்தாள். மாத்திரை எடுத்துக் கொடுத்தார். விழுங்கினாள்.

திரும்பி வந்த வண்டியில் கூட்டமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வழி நெடுக மொட்டை மாடிகள், கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், கொடித் துணிகள். ஒரு நிறுத்தத்துக்குச் சற்று முன்னால் வண்டி காரணமில்லாமல் நின்றது. எதிர் மாடியில் நைட்டி மேல் துண்டு போட்ட ஒருத்தி, மெத்தையைக் கைப்பிடிச் சுவர்மேல் போட்டுத் தடியால் அடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் அடிக்கும் வெயிலில் பஞ்சுத்தூசி எழும்பிப் பரவியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தமே இல்லை. அந்தப் பெண் நிறுத்தி இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினாள். மெத்தையைப் புரட்டிப் போட்டாள். மறுபடி தடியை ஓங்கினாள். பதினான்கு மாதமாகச் சாந்தகுமாரி இந்த மாதிரி வேலை எதையும் தொடவில்லை.

வண்டி நகர்ந்தது. அந்த மாடி பின்னால் போகப் போக, சாந்தகுமாரி கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.