கப்பல்காரன் பிடித்த அட்வான்ஸ்

கப்பலில் ஏறும் இடத்தில், என் வீட்டுக்காரர் துரைராஜ் நீட்டிய கிரெடிட் கார்டை வாங்கி மெஷினில் இழுத்த பெண் அழகாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கார்டை நம்பித்தான் என் காது இருந்தது.

தொண்ணூற்றெட்டில் எங்களுக்குக் கோவிலம்பாக்கத்தில் ஹார்டுவேர் கடை. அந்த வருஷம் சிமெண்ட் நிறைய விற்ற டீலர்களைக் கம்பெனிக்காரன் ஜோடி ஜோடியாகச் சிங்கப்பூருக்கும், அங்கிருந்து உல்லாசக் கப்பலுக்கும் இலவசமாகக் கூட்டிப் போனான். எனக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில், பக்கத்தில் வந்து கத்தினால் உண்டு. தாம்பரத்து டாக்டர்தான், சிங்கப்பூரில் காதுக்குப் புது மாதிரி மெஷின் வந்திருக்கிறது, போகிற கையோடு வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார். அதற்காகவே இவர் பேங்கில் நடையாய் நடந்து, வெளிநாட்டில் செல்லும் அந்தக் கார்டை வாங்கினார். மெஷின் விலை போகக் கொஞ்சம்தான் அதில் கூடுதலாக இருந்தது. என் பேரன் பேச ஆரம்பித்து ஒரு வருஷமாகிறது. அவன் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

எங்களைக் கூட்டிவந்த டிராவல்ஸ்காரர் வேதசிரோமணி என் காதருகே குனிந்தார்.

"பயப்படாதீங்கம்மா. கப்பல்ல கையில காசு குடுக்கிற வழக்கம் கிடையாது. ரூம் சாவி கார்டைக் காட்டிக் கையெழுத்துப் போட்டா போதும். அதுக்காக ஒரு தொகையைப் பிடிச்சு வெச்சிருக்காங்க. எடுத்துக்கலை. நீங்க எதுவும் வாங்கலைன்னா அப்படியே விட்டுடுவாங்க. என்ன, கொஞ்ச நாள் ஆகும்."

எனக்கு மூச்சு வந்தது. இவருக்கு வரவில்லை.

"அட்வான்ஸ் வாங்கினவன் எவன்டி முழுசாத் திருப்பிக் குடுத்துகீறான்?" என்று கத்தினார்.

அவருக்குத் தெரியாததா? எங்கள் காம்பவுண்டில் வாடகைக்கு விட்ட போர்ஷன்கள் இருந்தன. யார் காலி செய்தாலும் வெள்ளையடிக்க, குழாய் மாற்ற, ஆணி அடித்த ஓட்டையைப் பூச என்று அட்வான்ஸில் கழித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுப்பார். ஊரில் எல்லா ஹவுஸ் ஓனரும் அப்படித்தான். கப்பல்காரன் மட்டும் வேறு ஜாதியா என்பது இவர் கட்சி.

"புடிச்சது போச்சு. மெஷின் துட்டு தனியா கீது, நான் கணக்குப் பாத்துட்டேன். வுட்டா நாமம் போட்டுருவான். இங்கயே செலவு பண்ணித் தீத்துடணும்."

"வாணாங்க. அவருதான் சொல்றாரே."

"நீ சும்மா கெட."

அதன் பிறகு இவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. கடையில் ஒருவருக்கு டீ வாங்கித் தராதவர், டீலர்கள் அத்தனை பேருக்கும் ஜூஸ் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். சென்ட் வாங்கினார். தொப்பி போட்டுப் போட்டோ பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாள் முதல் எனக்கு ஒரு முழம் பூ வாங்கித் தந்திராத மனுஷர், என் கையைப் பிடித்து வாட்ச் கட்டிவிட்டார். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் பேனாவை எடுக்கும்போதெல்லாம் மெஷின் விலையை மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். ராத்திரி தூங்காமல் கிடந்தேன். பக்கத்தில் அவர் நிம்மதியாகக் குறட்டை விட்டிருப்பார், எனக்கு அதுவும் கேட்கவில்லை.

கப்பலைவிட்டு இறங்கி நேராக மெஷின் கடைக்குப் போனோம். அன்று மாலையே ஊருக்கு விமானம். ஒரு பெண் என் வலது காதில் சின்னதாக ஒன்றைச் செருகி, எதையோ திருகினாள்.

முதலில் ஏ.சி. கேட்டது. அப்புறம் என் வளையல். அது இவ்வளவு சத்தம் போடுமா என்று கையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன். அழுகை வந்துவிட்டது.

எனக்குப் பின்னால் பணம் கட்டும் இடத்தில் வேதசிரோமணி மெதுவாகப் பேசினார். ஒரு வார்த்தை விடாமல் என் காதில் விழுந்தது.

"கார்டு போகலை சார். கப்பல்ல பிடிச்சது இன்னும் அப்படியே நிக்குது. நீங்க செலவு பண்ணது அதுல கழியலை, தனியா ஏறியிருக்கு. பிடிச்சதை விடுறதுக்கு நாலஞ்சு நாள் ஆகும்."

"நாலஞ்சு நாளா? இன்னிக்கே கெளம்பணுமே சார்."

"கப்பல்ல எதுவும் வாங்காம இருந்திருந்தா மெஷினுக்குக் கார்டு போயிருக்கும் சார்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வாட்ச்சைக் கழற்றி இவர் மூஞ்சியில் எறிந்திருப்பேன். அதற்குள் இவர் குரல் வந்தது. இப்படி ஒரு குரல் இவருக்கு உண்டு என்றே எனக்குத் தெரியாது.

"சார், உங்க கால்ல வேணா வுழறேன். யார்கிட்டயாவது கேட்டுக் கட்டுங்க. ஊருக்குப் போனதும் குடுத்துடறேன். அவ புள்ளை மாரி வளையலை ஆட்டிப் பாத்துகினு கீறா சார். நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு அத்தக் கழட்டச் சொல்லுவேன்?"

“இவ்வளவு பெரிய தொகை இங்க யார்கிட்டயும் இருக்காது சார்” என்றார் வேதசிரோமணி. கொஞ்ச நேரம் கழித்து இவர் என் எதிரில் வந்து நின்றார். காதில் மெஷின் இருப்பதை மறந்து வழக்கம்போலக் கத்தினார்.

"மெஷின் அவ்ளோ நல்லா இல்லியாம் ஜெயக்கொடி! ஊர்ல பாத்துக்கலாம்!"

மண்டைக்குள் இடி இடித்தது.

"ஆமாங்க, ஒண்ணும் சரியாக் கேக்கல" என்று நானே கழற்றி அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன்.