மூத்த மருமகன் எடுத்த வாணவேடிக்கை

செந்துறையில் மாமனார் கொளஞ்சியப்பன் வீட்டுக் கூடத்தில், டிவிக்கு மேலே இருந்த ஆணியில் முத்துவேல்-ஆர்த்தி கல்யாணப் படம்தான் வெகுகாலமாகத் தொங்கியது. இந்தப் பொங்கலுக்கு முத்துவேல் போனபோது அந்த ஆணியில் ஒரு மின்னல் தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணப் படம் பிரிட்ஜுக்குப் பக்கத்தில், திரைத்துணிக்குப் பாதி பின்னால் ஒதுங்கியிருந்தது.

மின்னலை எடுத்தவர் ரஞ்சித்குமார். ஆர்த்தியின் தங்கை பிரவீணாவின் கணவர், ஜெயங்கொண்டத்தில் உரக்கடை. முந்திரித் தோப்புக்கு மேலே வானம் கிழிந்து நின்றது.

"மின்னல் நமக்காக நிக்காது சகலை. நாமதான் ஷட்டரத் தொறந்து வச்சுட்டு நிக்கணும்" என்றார், அதை அவரே அவிழ்த்து விட்டவர் மாதிரி.

வருகிறவர்களுக்கெல்லாம் மாமனார் அதைக் காட்டினார். "சின்ன மாப்ள எடுத்தது. உசுரக் குடுத்து எடுத்திருக்காரு."

முத்துவேலுக்குக் காப்பி கசந்தது. சர்க்கரை சரியாகத்தான் போட்டிருந்தார்கள்.

பெரம்பலூர் ஆபீஸில் முத்துவேலின் பேனாவைக்கூட இன்னொருவர்தான் மூடி வைக்க வேண்டும். அப்பேர்ப்பட்டவர், மீசை முளைக்காத ஒரு பையன் யூடியூபில் ஷட்டரைப் பற்றிச் சொன்னதைக் கைகட்டிக் கேட்டார். கேமரா வந்தது. முக்காலி வந்தது. செந்துறை மாரியம்மன் திருவிழாவும் வந்தது.

கிளம்புகிற அன்று ஆர்த்தி கேமராவைச் சாமி முன்னால் வைத்து, சந்தனத்தில் குங்குமம் குழைத்துப் பொட்டு வைத்தாள். முக்காலியின் மூன்று காலுக்கும் வைத்தாள். கடைசியாக லென்ஸின் நட்டநடுவில் ஒன்று.

"ஏய், கண்ணாடியில என்னடி பண்ற?"

"மூஞ்சின்னு ஒண்ணு இருந்தா பொட்டு வைக்க வேணாமா? பைக்கு வாங்கினப்ப லைட்டுல வச்சேன், அப்ப ஒண்ணும் சொல்லல."

துண்டு நுனியால் துடைத்தார். போய்விட்டது போலத்தான் தெரிந்தது.

தேர் நிலைக்கு வந்ததும் வாணம் விட்டார்கள். முக்காலியை ஊன்றிய முத்துவேல், "யாரும் குறுக்க வராதீங்க" என்றார். யாரும் வருவதாக இல்லை. வாணம் ஏறும்போது ஷட்டரைத் திறந்தார். விரிந்து உதிர்ந்ததும் மூடினார். பக்கத்தில் ரஞ்சித்குமார் அவ்வப்போது "ம்" என்றார். அந்த "ம்" முத்துவேலின் வயிற்றில் போய் வெடித்தது.

மறுநாள் காலை மாமனார் வீட்டு டிவியில் படங்களைப் போட்டார்கள். ஒன்றிலும் பூ இல்லை, பொறி இல்லை. சிவப்பு ஊறிப் பரவியிருந்தது, நடுவில் மஞ்சளாக ஓர் உப்பல்.

"இது வாணமா சகலை, தக்காளி ரசமா?"

பிரவீணா சிரிப்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஆர்த்தி சிரிக்கவில்லை, மோதிர விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். முத்துவேல் டிவியை அணைக்க எழுந்தார்.

"இருங்க மாப்ள." மாமனார் எழுந்து தோள்துண்டை இடுப்பில் கட்டினார். "செவப்புப் பொடவ. மஞ்ச மொகம். ரெண்டு கண்ணும் தெரியுது பாருங்க."

ஒரே நேரத்தில் வெடித்த இரண்டு வாணம்தான் அந்தக் கண்கள். லென்ஸில் ஒட்டிய குங்குமத்தைச் சொல்லிவிட முத்துவேல் வாயெடுத்தார். அதற்குள் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்து, வேறு வழியில்லாமல், ரஞ்சித்குமாரும் போட்டுக்கொண்டார். முத்துவேல் வாயை மூடிக்கொண்டார்.

படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அவரே சுமந்து வந்தார். அவரே ஸ்டூல் போட்டு ஏறி மின்னலின் மேல் கை வைத்தார்.

"அட, அங்க எதுக்கு மாப்ள? ஆத்தாள டிவிக்கு மேலயா மாட்டுவாங்க? பூச ரூமுக்குக் கொண்டாங்க."

இப்போது அது மாலையோடு இருக்கிறது. தெருவே வந்து கும்பிட்டுப் போகிறது. ஒருநாள் அரியலூரிலிருந்து வந்த ஒருவர், "யாருங்க எடுத்தது?" என்று கேட்டார். முத்துவேல் தொண்டையைச் செருமினார்.

"இத யாருங்க எடுக்க முடியும்? ஆத்தா அவளா வந்து நின்னா" என்றார் மாமனார். "போட்டோ பாக்கணும்னா கூடத்துக்கு வாங்க. சின்ன மாப்ள எடுத்தது ஒண்ணு இருக்கு."