அறுநூற்றுப் பதினொரு படிகள்

எட்டக்கா வீட்டை விட்டுக் கீழே இறங்காத ஒவ்வொரு நாளும் அவளுடைய மூன்றாம் மாடிக் கதவுக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே ஒரு படி கூடியது. கட்டடம் கட்டியபோது அங்கே பதினெட்டுப் படிகள் இருந்தன. அவள் ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷ முடிவில் அறுநூற்றுப் பதினொன்று இருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது. வீட்டுச் சொந்தக்காரர் கூட்டிவந்த கொத்தனார் தெருவில் நின்று அளந்து, கட்டடத்தின் உயரம் முப்பத்திரண்டு அடி என்றார். பிறகு உள்ளே ஏறிப் போய், நாக்குத் தள்ள இறங்கி வந்து, மேல் படிகள் மட்டுமே முந்நூறு அடிக்குக் குறையாது என்றார். இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சுவரில் விரிசல் இல்லை என்பதால் சொந்தக்காரர் அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

அவள் பெரிய மருத்துவமனையில் முப்பத்து நான்கு வருஷம் பிசியோதெரபி பார்த்தவள். விழுந்தவர்களையும், கை கால் இழுத்துக்கொண்டவர்களையும், முட்டி மாற்றிக்கொண்டவர்களையும் நடக்க வைத்தாள். பத்து எண்ணும் வரை காலைத் தூக்கிப் பிடியுங்கள் என்பாள். ஏழு வரை நாணயமாக எண்ணுவாள். அதற்குப் பிறகு எட்டு, எட்டு, எட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். எட்டக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான். நோயாளிகள் அவளைத் திட்டினார்கள், பிறகு நடந்தார்கள். ஓய்வு பெற்ற அன்று, உடன் வேலை பார்த்தவர்கள் ஒரு சாய்வு நாற்காலி வாங்கிக் கொடுத்தார்கள். "இனிமே யாருக்கும் எண்ண வேண்டாம்க்கா, நிம்மதியா உட்காரு" என்றார்கள். அவள் உட்கார்ந்தாள்.

அதைத் துக்கம் என்று சொல்ல முடியாது. கணவர் போய்ப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது, அந்த அழுகை அப்போதே முடிந்துவிட்டது. கோபமும் இல்லை, பயமும் இல்லை. ஒரே பக்கமாகப் படுத்த கை காலையில் யாருடையதோ போலக் கூடவே கிடக்குமே, அந்த மாதிரி அவள் தன் பக்கத்திலேயே கிடந்தாள். மரத்துப்போன கைகளை ஆயிரக்கணக்கில் தேய்த்துவிட்டவள்தான். இதை எங்கே பிடித்துத் தேய்ப்பது என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. டீ ஆறியிருந்தாலும் குடித்தாள். சூடாக இருந்தாலும் குடித்தாள். இரண்டாம் மாடியில் இருந்த ஓட்டுநரின் மனைவி மட்டும், "ஊருக்குத்தான் உபதேசம்னு சும்மாவா சொன்னாங்க" என்று தன் வீட்டு வாசலில் நின்றபடி மேலே கேட்கும்படிச் சொல்லிப் பார்த்தாள்.

முதல் வருஷம் காய் வாங்கவாவது எட்டக்கா அவ்வப்போது இறங்கினாள். இரண்டாம் வருஷம் பால்கனியிலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்கக் கற்றுக்கொண்டாள். எதிர்க்கடைக்காரர் அரிசி, பால், மருந்து எல்லாவற்றையும் கூடையில் வைத்து, "தூக்குங்கக்கா!" என்று குரல் கொடுப்பார். கயிறு ஒருநாளும் நீளவில்லை. முப்பதடிக் கயிறு கடைசிவரை போதுமானதாகவே இருந்தது. படிகள் மட்டும்தான் வளர்ந்தன. ஆகவே அவளிடம் எல்லாம் வந்து சேர்ந்தன, மனிதர்களைத் தவிர.

பக்கத்து ஊரில் வேலை பார்த்த மகள் வாரம் ஒருமுறை வந்தாள். இருநூறு படிகள் ஆனபோது மாதம் ஒருமுறை வந்தாள். நானூறைத் தாண்டிய பிறகு தொலைபேசியில் வந்தாள். "லீவு கிடைக்கலம்மா" என்பாள். ஒருநாள் மறைக்காமல் சொன்னாள்: "இன்னும் ஒரு வருஷம் இப்படியே இருந்தா யாராலயும் உன்கிட்ட வர முடியாதும்மா. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா தூக்கிட்டு இறங்கக்கூட முடியாது."

"ஆனாத்தானே" என்றாள் எட்டக்கா.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஓட்டுநருக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்ததும், மனைவியின் அண்ணன் பயிற்சி கொடுக்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். அவர் ஓய்வு பெற்ற போக்குவரத்துப் போலீஸ்காரர். மருத்துவமனையில் கொடுத்த தாளை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் தெரிந்தவராக ஆகிவிட்டார். காலை ஒன்பது மணிக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தொடங்குவார்.

"ஒண்ணு! ரெண்டு! தூக்குய்யா மாப்ளே!"

"முப்பது வருஷம் ரோட்டுல கையைக் காட்டி என்னை நிறுத்துன. இப்ப வீட்டுக்குள்ள புகுந்து கையைப் பிடிச்சு இழுக்கற. நீ மனுஷனா மச்சான்?"

"பேச்சு மட்டும் இழுத்துக்கலை பாரு உனக்கு. மூணு! நாலு!"

மேலே சாய்வு நாற்காலியில் இருந்தவளுக்கு இதெல்லாம் தெருவில் போகும் வண்டிச் சத்தம் மாதிரிதான். ஐந்தாம் நாள் ஓட்டுநர் கத்தினார். "ஐயோ, தோளு! தோளு கழண்டு போச்சு மச்சான்!"

"வலிச்சாத்தான் நல்லது. அஞ்சு!"

செத்த கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கினால் தோள்மூட்டு குழியிலிருந்து நழுவும். அப்படி நழுவி நழுவிக் கெட்டுப்போன தோள்களை அவள் எண்ண முடியாத அளவு பார்த்திருக்கிறாள். அவள் எழுந்து பால்கனிக்குப் போனாள். "கையைப் பிடிச்சு இழுக்காதீங்க!" என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக, கரகரவென்று வந்தது.

கீழே சத்தம் நின்றது. "யாரும்மா அது?" என்றார் போலீஸ்காரர்.

"மேல் வீட்டக்கா. அதெல்லாம் தெரிஞ்சவங்கதான். ஆனா வரமாட்டாங்க" என்றாள் அவர் தங்கை. குழாயில் தண்ணீர் வராது என்று சொல்வது மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள்.

"வராதவங்க பேச்சு நமக்கு எதுக்கு? ஆறு!"

எட்டக்கா கதவைத் திறந்தபோது மணி ஒன்பதரை. தன் படிகளை அவள் அதுவரை மொத்தமாகப் பார்த்ததில்லை. அவை கீழே கீழே போய் இருட்டில் முடிந்தன. எல்லாவற்றிலும் ஒரே அளவு தூசி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, நோயாளிகளுக்குச் சொல்லிக் கொடுத்த விதத்திலேயே இறங்கினாள். ஐம்பதாவது படியில் தொடை நடுங்கியது. பத்துப் படி இறங்கி உட்காரலாம் என்று தனக்குத்தானே எண்ணினாள். எட்டுக்குப் பிறகு மறுபடி எட்டு வந்தது. தான் ஏமாற்றப்படுவது தெரிந்தும் இறங்கினாள்.

இருநூறு படிகள் இறங்கிய இடத்தில் தூசியில் செருப்புத் தடம் ஆரம்பித்தது. கீழிருந்து ஏறி வந்த தடம். அந்தப் படியில் ஒருவர் உட்கார்ந்திருந்த அடையாளமும், திரும்பிப் போன தடமும் இருந்தன. சுவரோரம் மகளின் தண்ணீர் பாட்டில் இருந்தது, அவள் அலுவலகத்துப் பெயர் ஒட்டியது. பக்கத்தில் ஒரு பையில் நான்கு ஆரஞ்சுப் பழங்கள் கல்லாகச் சுருங்கிக் கிடந்தன. நாலு மாதம் இருக்கும். லீவு கிடைக்கவில்லை என்று மகள் சொன்ன மாதம்.

எட்டக்கா அந்த அடையாளத்தின் மேலேயே உட்கார்ந்தாள். இப்போது ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். தொண்டை அடைக்கவில்லை, கண் கலங்கவில்லை. ஒன்றும் வராததைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, பாட்டிலையும் பையையும் எடுத்துக்கொண்டு மீதியை இறங்கினாள்.

பதினொன்றேகாலுக்கு இரண்டாம் மாடிக் கதவைத் தட்டினாள். "அக்கா!" என்று ஓட்டுநரின் மனைவி கதவை அகலத் திறந்தாள். எட்டக்கா நேரே கட்டிலுக்குப் போய், ஓட்டுநரின் தோள் எலும்பின் கீழே இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். ஒரு விரல் உள்ளே போகும் அளவுக்கு இடைவெளி இருந்தது. முழங்கையையும் தோளையும் சேர்த்துத் தாங்கி, அடியில் தலையணை வைத்தாள்.

"இனி மணிக்கட்டைத் தொட்டீங்கன்னா உங்க கையை நான் இழுப்பேன்" என்றாள் போலீஸ்காரரிடம்.

"சரிம்மா" என்றார் அவர். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக அட்டென்ஷனில் நின்றது தங்கை வீட்டில்தான் என்று ஓட்டுநர் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார்.

அன்று திரும்ப ஏறி முடிக்க மாலை ஆகிவிட்டது. மறுநாளும் இறங்கினாள். அன்று புதிய படி வரவில்லை. தினமும் இறங்கினால் பழைய படிகள் குறைந்துவிடும் என்று கட்டடத்தில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஒன்றுகூடக் குறையவில்லை. இரண்டு வருஷங்களில் ஓட்டுநர் தடியோடு நாற்பது படிகள் ஏறினார், பிறகு நூறு. மச்சான் பின்னால் வந்து திட்டு வாங்கினார். சேதி பரவி, முட்டி மாற்றிக்கொண்டவர்களும் இடுப்பு உடைந்தவர்களும் அக்கம்பக்கத்துத் தெருக்களிலிருந்து வர ஆரம்பித்தார்கள். இவ்வளவு படிகள் மழை படாமல் வேறெங்கும் இல்லை என்பதுதான் காரணம். சொந்தக்காரர் இருபுறமும் கைப்பிடி போட்டுக் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில் தரைத்தளத்து வீடு காலியானது. மகள் லீவு போட்டு வந்து, அதற்கு மாறிவிடும்படிச் சொன்னாள். எட்டக்கா மூன்று நாள் யோசித்தாள்.

"ஏறி இறங்கவே ஒரு நாள் சரியாப் போயிடுதுடி. கீழே வந்துட்டா மிச்ச நேரத்தை என்ன பண்றது?"

மகள் அன்று ஊருக்குத் திரும்பவில்லை, அம்மாவோடு ஏறினாள். முந்நூறாவது படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். மகள் மூச்சு வாங்கியபடி, "இப்ப சந்தோஷமா இருக்கியாம்மா?" என்று கேட்டாள்.

எட்டக்கா தன் மனசுக்குள்ளே போய்த் தேடிப் பார்த்தாள். வழக்கம்போல அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

"அதெல்லாம் தெரியலடி. முட்டி வலிக்குது."

"எங்கே?" என்று மகள் கையை வைத்தாள்.

"அங்க இல்ல. இன்னும் கொஞ்சம் கீழ. ம், அங்கதான்."

மகள் அழுத்திவிட்டாள். மேலே இன்னும் முந்நூற்றுப் பதினொரு படிகள் இருந்தன. அவசரம் ஒன்றும் இல்லை.