உறையில் ஒட்டிய நகர்வு

கீழமாசி வீதிக் கழகத்தின் சதுரங்க இறுதி ஆட்டம் சென்ற ஞாயிறு பாதியில் நின்றது. சோணையை ஒருமுறைகூட வென்றிராத நூருல் அமீனின் கை ஓங்கியிருந்தது. விதிப்படி சோணை தன் அடுத்த நகர்வை எழுதி, மறு ஞாயிறு பிரிப்பதற்காக உறையிலிட்டு ஒட்டினான்.

"ஒரு வாரம் தூங்காமக் கெட, மாப்ள," என்றான் அமீனிடம்.

புதன்கிழமை சோணை காலராவில் இறந்துபோனான்.

"கோப்பை ஒனக்குத்தான்ப்பா," என்றார் செயலாளர் முத்துக்கருப்பன்.

"அது அவனை ஜெயிச்சதா ஆகாதுண்ணே. உறையப் பிரிங்க."

குதிரை நகர்வு. அமீன் எதிர்பாராதது. இரு பக்கமும் அவனே ஆடினான். சோணைக்காக அதிக நேரம் யோசித்தான். கடைசியில் இரண்டு ராஜாக்களே மிஞ்சின.

"டிரா. மறுபடி ஆடணுமே," என்றார் முத்துக்கருப்பன் தயங்கி.

முதல் நகர்வு வெள்ளைக்கு. வெள்ளைக் காய்களை எதிர்ப்பக்கம் அடுக்கிவிட்டு அமீன் காத்திருந்தான்.