குசினிக் கோடு

வெளியே நாற்பத்தைந்து டிகிரி. எங்கள் நாய் வீமன், நாங்கள் காரில் இழுத்துத் திரிந்து குடியிருக்கிற கரவனுக்குக் கீழே கிடந்து மூச்சு இளைத்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் தரையைத் துளைத்துக்கொண்டு என் காலடிக்கு வந்தது. நான் உள்ளே ஏசியின் கீழ் நின்று வெங்காயம் வெட்டினேன். எனக்கு இருந்த கோபத்துக்கு ஒரு மூடை வெங்காயமும் காணாது.

காலையில், சிட்னியில் எங்கள் வெஸ்ட்மீட் வீட்டைப் பார்க்கிற ஏஜென்ட் பெண் போன் எடுத்திருந்தாள். குடியிருப்பவர்களுக்குச் சுடுதண்ணீர் வரவில்லையாம், ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டாள். அடுத்த மாதம் நாங்களே வந்துவிடுவோமே, வந்து பார்க்கிறோம் என்றேன். அவள் கணினியில் எதையோ தட்டிப் பார்த்தாள். பிறகு, இன்னும் இரண்டு வருடத்துக்கு வாடகை ஒப்பந்தத்தை நீட்டிக் கொடுத்தாயிற்றே, செப்டெம்பரிலேயே இரண்டு பேரும் சம்மதம் அனுப்பினீர்களே என்றாள்.

நான் அனுப்பவில்லை. என் ஈமெயிலையும் என் கணவர் புவனேஸ்வரன்தான் பார்க்கிறவர். என் பெயருக்கும் சேர்த்து அவரே ஓம் சொல்லியிருக்கிறார்.

ஒரு வருடம் என்றுதான் என்னைக் கூட்டிவந்தார். முப்பது வருடம் ரயில்வேயில் சிக்னல் திருத்திய மனிதர், ஓய்வு பெற்றதும் யூடியூப்பில் கரவன் வீடியோ பார்க்கத் தொடங்கினார். யாரோ ஒரு வெள்ளைக்காரத் தம்பதி பாலைவனத்தில் கதிரை போட்டிருந்து தேநீர் குடிப்பார்கள். அந்தப் பெண் செத்தல் மிளகாய் தாளித்ததை எந்த வீடியோவிலும் நான் காணவில்லை. இந்த ஏழு மீற்றர் பெட்டிக்குள் நான் ஒருநாள் தாளித்தேன். பூனை சுந்தரி அலுமாரிக்குள் பாய்ந்தாள். இவர் இருமிக்கொண்டு வெளியே ஓடினார். புகை அலாரம் அடித்து பக்கத்துக் கரவன்காரர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். அன்றிலிருந்து தாளிப்பெல்லாம் வெளியே, சின்ன காஸ் அடுப்பில், ஈக்களுக்கு நடுவில். எது கடுகு, எது ஈ என்று பார்த்துத்தான் சட்டியை இறக்கவேண்டும்.

குளிர்காலத்தில் வடக்கே மரநிழல்களில் நின்றோம். அதைக் குறை சொல்லமாட்டேன். மூன்று கிழமைக்கு முன், ஓபல் ரத்தினக்கல் தோண்டப் போகிறேன் என்று புரோக்கன் ஹில்லுக்கும் அப்பால் இந்தப் பொட்டல்வெளிக்கு இழுத்துவந்தார். பேருக்குக்கூட ஒரு மரம் இல்லை.

வீமனையும் இவர்தான் கொண்டுவந்தவர், பதினொரு வருடத்துக்கு முன், குட்டியாக. அதுவும் என்னைக் கேட்காமல்தான். ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்குகிற பகுதியில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவள் நான். நான் சமைக்கிற குசினிக்குள் நாய் வருவதா? வீட்டில் ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் ஓர் அலுமினியத் தகடு பதித்திருந்தது. அதைக் கோடாக வைத்து மூன்று மாதத்தில் அவனைப் பழக்கினேன். அடித்ததில்லை. "ம்ஹும்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதன்பிறகு இறைச்சித் துண்டே உள்ளே விழுந்தாலும், தகட்டில் மூக்கை வைத்துப் படுத்திருப்பானே தவிர ஒரு காலை எடுத்து வைக்கமாட்டான். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் செய்துகாட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

இந்தக் கரவனின் வாசலிலும் அதேபோல ஓர் அலுமினியத் தகடு. ஏறியவுடனே அடுப்பு, அதற்கு மேலே சுவாமிப் படம் வைத்த தட்டு. வீமனுக்கு இது முழுவதும் குசினிதான். பதினொரு மாதமாகக் கரவனுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தான். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த வெயிலில் வெளியே கிடந்தால் அவன் தாங்கமாட்டான். நேற்று இவரும் பக்கத்துக் கரவன்காரரும் சேர்ந்து அவனைத் தூக்கி உள்ளே விட்டார்கள். நின்ற இடத்திலேயே மூத்திரம் போய், உடம்பெல்லாம் நடுங்கி, கதவு திறந்ததும் விழுந்தடித்து வெளியே ஓடினான். காரில் வைக்கலாம் என்றால், புழுதி அடைத்துக் காரின் ஏசி நின்று ஒரு கிழமை ஆகிறது.

இவர் வாசலில் வந்து நின்றார். முகம் சிவந்து, சேர்ட் நனைந்திருந்தது.

"சங்கரி, ஒருக்கா வந்து அவனைக் கூப்பிடும். நீர் சொன்னாத்தான் கேப்பான்."

"உங்கட நாய். கேக்காமல் கொண்டுவந்தது நீங்கள். நீங்களே பாருங்கோ."

"இப்ப இதைக் கதைக்கிற நேரமே?"

"அப்ப எப்ப கதைக்கிறது? செப்டெம்பரிலயோ?"

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. பார்வையை என்னிடமிருந்து எடுத்து வெங்காயத்தில் வைத்தார்.

"உமக்கும் பிடிக்கும் எண்டு நினைச்சனான்."

"நினைச்சனீங்களோ? எனக்கு வாய் இல்லையோ? கேட்டிருக்கலாமே!"

"சிட்னியில எங்களுக்கு இனி என்ன கிடக்கு?"

"என்ர வீடு கிடக்கு!"

கத்தியைப் பலகையில் போட்டேன். சுந்தரி கட்டிலுக்குக் கீழே ஓடி ஒளிந்தாள். அவர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியில் இருந்தார்.

"சரி, விடும். என்னாலயும் ஏலாது. கிழட்டு நாய்தானே. இன்னும் எத்தினை நாளைக்கு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் ஆசைப்பட்டபோது குட்டி, இழுத்துக்கொண்டு திரிய நாய், கஷ்டம் வந்ததும் கிழட்டு நாய். எனக்கும் அறுபத்தொன்று. முழங்கால் இரண்டும் போய்விட்டது. என்னைப் பற்றி என்ன சொல்வார் என்று யோசித்தேன். மனம் வெந்த அந்த வெப்பியாரத்தில் இரண்டாவது வெங்காயத்தை எடுத்தேன். நான் போகமாட்டேன், இவரே பட்டு அனுபவிக்கட்டும் என்றுதான் நின்றேன்.

அப்போது காலடியில் அந்தச் சத்தம் நின்றது.

காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த இளைப்புச் சத்தம் இல்லை. வெங்காயத்தை அப்படியே போட்டேன். அவரைத் தள்ளிக்கொண்டு போய் வாசலில் முழங்காலில் விழுந்து கீழே குனிந்து பார்த்தேன். வீமன் பக்கவாட்டில் கிடந்தான். நாக்கு கறுத்திருந்தது.

"வீமா! வா. உள்ள வா."

காதை அசைத்தான். எழும்பப் பார்த்தான், பின்னங்கால் மடிந்தது. மறுபடி எழும்பினான். தள்ளாடித் தள்ளாடி அந்தப் படிகளில் ஏறினான். ஏறி, வாசல் தகட்டில் மூக்கை வைத்துப் படுத்தான்.

அந்தத் தகட்டில் கை வைக்க முடியாது. அப்படிக் கொதித்தது. அவன் அதில் மூக்கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நல்ல பிள்ளையாக நடந்துகொண்டேன், பார் என்பதுபோல.

எனக்கு அழுகை வந்தது. அந்தக் கோட்டைப் போட்டவள் நான். இவர் செய்ததெல்லாம் போக, இதைச் செய்தது நான். ஒரு சொல்லுக்காக இந்தப் பிராணி காலை முழுக்க வெந்து கிடந்தது. அந்தச் சொல்லை இவரைப் பழிவாங்க நான் வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

துவாய்த் துண்டை நனைத்துத் தகட்டின் மேல் விரித்தேன். அவன் தலையைக் கையில் ஏந்திக்கொண்டு உள்ளே நகர்ந்து தரையில் இருந்தேன்.

"வாடா ராசா. அம்மா சொல்லுறன். வா."

ஒரு முன்னங்காலைத் துவாயில் வைத்தான். நிறுத்தி என் முகத்தைப் பார்த்தான். அந்த "ம்ஹும்" வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. மற்றக் காலையும் வைத்தான். பிறகு உடம்பு முழுவதையும் இழுத்துக்கொண்டு என் மடியில் வந்து சரிந்தான்.

சுவாமிக்கு வைத்திருந்த செம்புத் தண்ணீரைத்தான் முதலில் எடுத்தேன். வயிற்றிலும் காலிடுக்கிலும் ஊற்றி, ஏசியை அவன் பக்கம் திருப்பினேன். கால் மணித்தியாலம் போயிருக்கும். மறுபடி இளைக்கத் தொடங்கினான். நாக்கு மெல்லமெல்லச் சிவந்தது. கையிலிருந்த தண்ணீரை நக்கினான்.

இவர் வாசலுக்கு வெளியே நின்றபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது முகம் மலர்ந்து ஒரு காலைப் படியிலிருந்து தூக்கினார்.

"பாத்தீரே, நீர் கூப்பிட்டா வாறான்..."

"ம்ஹும்" என்றேன்.

அவருடைய கால் அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்ல படிக்கே இறங்கியது.

"நாளைக்கு விடியமுன்னம் நானும் வீமனும் சுந்தரியும் கிரெய்கிபர்னுக்குப் போறம், மகளிட்ட. வெயில் ஏறமுன்னம் வழியில மில்டுராவைப் பிடிச்சிடலாம். கார் நான் ஓட்டுவன்."

"திவ்யதர்ஷினிக்குச் சொல்லிட்டீரே?"

"அவளுக்குக் காலமையே சொல்லிட்டன். உங்களுக்கு இப்ப சொல்லுறன்."

"கரவனை என்ன செய்யிறது?"

"உங்களுக்குத்தானே பிடிச்சது. நீங்கள் இருங்கோ."

அவர் படியிலேயே நின்றார். முதுகுக்குப் பின்னால் அந்தச் செம்மண் வெளி அனலில் அசைந்துகொண்டிருந்தது. ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது, ஆனால் கால் துவாயைத் தொடவில்லை.

"சங்கரி," என்றார். குரல் இறங்கியிருந்தது. "நானும் வரட்டே?"

முப்பத்தைந்து வருடத்தில் இந்த மனிதர் என்னிடம் ஒன்றைச் செய்யுமுன் கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் துணியைப் பிழிந்து வீமனின் காதில் வைத்தேன். மற்றக் காதிலும் வைத்தேன். இந்த முறை "ம்ஹும்" என்று சொல்லவில்லை.